நிமிர்ந்து நில்லுங்க

“கழட்டாதே” என்றார் அப்பா.

அவன் கை சட்டையின் இரண்டாவது பொத்தானோடு நின்றுவிட்டது. எதிரே டாக்டர், ஊதா மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் நர்ஸ். மூலையில் ஸ்டூலில் அம்மா.

ஜன்னல் வழியாகக் காலை வெயில் தாராளமாக உள்ளே வந்திருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு திரைகூட இல்லாத அறை.

“என்ன தம்பி, பயமா? படுத்தா எல்லாம் பரவிடும், எங்க வெட்டணும்னு தெரியாது. அதான் ஆபரேஷனுக்கு முன்னாடி நிக்க வச்சுக் கோடு போடறோம். சட்டையைக் கழட்டிட்டு நிமிர்ந்து நில்லுங்க. சின்ன வேலைதான்.”

“நிமிராதே. தோளை உள்ள இழு” என்றார் அப்பா.

அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது. அப்பா இறந்து ஒரு வருஷமாகிறது. மனுஷன் போனாரே தவிர குரல் போகவில்லை. குளியலறையில், பஸ்ஸில், துணிக்கடைக் கண்ணாடி முன்னால் என்று இவன் எங்கே நின்றாலும் காதோரம் வந்துவிடும்.

மீசை அரும்புகிற வயதில் அவனுக்கு மார்பு பெருக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுதி அவனை இன்னொரு தடவை கொல்ல வேண்டாம்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே அப்பா ஆரம்பித்தார். கட்டம் போட்ட சட்டையா எடு, தெரியாது. ரெண்டு பக்கமும் பாக்கெட் வச்சுத் தை. உள்ளே ஒரு சைஸ் சின்ன பனியன் போடு. மழையில நனைஞ்சுட்டு வந்து நிக்காதே.

பெற்ற பிள்ளையைப் பார்க்க இவருக்கு இவ்வளவு கூசுகிறதா என்று அவனுக்கு வயிறு எரியும். அவருக்கென்ன, கௌரவக்காரர். பேக்கரியில் அடுப்பின் அனல் தாங்காமல் மற்றவர்கள் வெறும் பனியனோடு நின்று ரொட்டி சுடுவார்கள்; இவர் மட்டும் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வியர்வையில் குளிப்பார்.

அவன் கூரியர் வேலைக்குப் போனதே இதனால்தான். பார்சல் நெஞ்சோடு இருக்கிறவரை எவனுக்கும் பயப்பட வேண்டாம். கொடுத்த அடுத்த நொடி முதுகைக் காட்டிவிடலாம். ‘படு சுறுசுறுப்பு’ என்று கம்பெனியில் பாராட்டு வேறு.

போன மாதமும் இதே அறைவரைக்கும் வந்தான். மயக்க மருந்துக்குப் பயமில்லை, கத்திக்குப் பயமில்லை. நிமிர்ந்து நிற்கச் சொன்னதும் ‘பாத்ரூம் போய்ட்டு வர்றேன்’ என்று கிளம்பியவன், வீட்டில் போய்த்தான் நின்றான்.

அதனால்தான் இந்தத் தடவை அம்மா கூடவே வந்துவிட்டாள். டாக்டரும் கறாராகச் சொல்லியிருந்தார், மறுபடி ஓடினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இன்றைக்கு விட்டால் இனி ஆயுசுக்கும் பார்சல்தான் துணை.

அவனைப் பேச்சில் இழுத்தால் பயம் தெளியும் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். “இது கொழுப்பில்ல தம்பி, சுரப்பி. எவ்வளவு ஓடினாலும் கரையாது. குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?”

“இல்ல டாக்டர்.”

“அப்பாவுக்கு ஏதாவது வியாதி?”

“ஹார்ட் அட்டாக்ல போனாரு.” அவன் குரலில் கசப்பு தட்டியது. “நெஞ்சு வலிக்குதுன்னு இ.சி.ஜி. எடுக்கப் போனவரு, எடுக்காமலே எழுந்து வந்துட்டாரு. கெஞ்சிப் பார்த்தோம், திரும்பப் போகவே இல்ல. அவ்வளவு பிடிவாதம்.”

நர்ஸ் உச்சுக் கொட்டினாள். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“சரி, கழட்டுங்க” என்றார் டாக்டர்.

“எழுந்து போயிடு” என்றார் அப்பா.

அவன் அவிழ்த்த பொத்தானை மறுபடி மாட்டினான். “சாரி டாக்டர். என்னால முடியாது.”

கதவை நோக்கி நடந்தவனை அம்மா எழுந்து வந்து மறித்தாள். “யாரைப் பார்த்துடா இப்படிப் பயந்து ஓடறே? இங்க யாரு உன்னைப் பார்த்துச் சிரிக்கப் போறாங்க?”

“அவரைப் பார்த்துதான்!” அவன் உடைந்துபோனான். டாக்டர் இருப்பது, நர்ஸ் இருப்பது எல்லாம் மறந்துவிட்டது. “செத்தும் விட மாட்டேங்கறாரும்மா. கழட்டாதே, குனி, மறைன்னு காதுல ஓதிட்டே இருக்காரு. என்னைப் பார்க்க அவருக்கு அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு?”

இவனுக்குத் தெரிய வேண்டாம் என்று கணவர் கேட்டுக்கொண்டதற்காக அம்மா இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த வாய். திறக்கச் சிரமப்பட்டது.

அவன் மாட்டிய பொத்தானை அவளே அவிழ்த்தாள்.

“அது பிடிவாதம் இல்லடா. அங்கயும் சட்டையைக் கழட்டத்தான் சொன்னாங்க.”