சாவு வீட்டில் சிரித்தவள்

நூலக மாடியில் கூடியிருந்த வாசகர்கள் தாங்கள் படித்துவந்த நாவலின் ஆசிரியரை ஆளாளுக்கு வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். "சாவு வீட்டக்கூட நக்கல் பண்றாரு. மனசுல ஈரமே இல்லாத ஆளு," என்றார் வங்கியில் வேலை பார்க்கும் இளவழகன். இத்தனை கூட்டங்களாக வாயே திறக்காத புனிதவதிக்கு அன்று எப்படித்தான் துணிச்சல் வந்ததோ. "நான் அந்த எடத்துலதான் சார் சிரிச்சேன்," என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். நாவலில், பிணம் வைத்த குளிர்பெட்டியின் சீரியல் விளக்கு அணைந்துவிடும். அது மறுபடி எரியும்வரை அழ வேண்டாமென்று வீடியோக்காரன் உறவினர்களை நிறுத்திவைப்பான். "எங்க வீட்டுக்காரர் தவறினப்பவும் கிட்டத்தட்ட இதேதான் நடந்துச்சு. அன்னிக்கு யாருகிட்டச் சொல்ல முடியும்? போன மாசம் இதப் படிச்சதும் பொத்துக்கிட்டுச் சிரிப்பு வந்துருச்சு. நான் அழறேன்னு நெனச்சு எம்பொண்ணு அடுப்படியிலேருந்து ஓடி வந்தா. அப்புறம் ரெண்டு பேரும் அவரைப் பத்திப் பேச ஆரம்பிச்சோம். அதுவரைக்கும் அவரு பேரையே எடுக்காம இருந்தோம் சார்." இளவழகன் தன் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா. நான் சிரிக்காமயே படிச்சுட்டேன்." அவள் எழுந்து நின்று படிக்கத் தொடங்கினாள். வீடியோக்காரன் வாசலுக்கு வருவதற்குள்ளேயே சிரிப்பு அவளை மேற்கொண்டு படிக்கவிடவில்லை. பின்வரிசையில் யாரோ, அந்த இடம் வருமுன்பே, கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.