'மி' யாருக்கு?

நுமாதா அம்மாள் 'மா' பாடிக்கொண்டிருந்தாள். அடுத்தது 'மி'. 'மி' ஹிசானோவுக்கு.

அது தானாக அமைந்ததல்ல. போன வாரம் பாட்டு 'மா'வுக்கு முந்திய 'ஹோ'வில் நின்றபோதே ஹிசானோ கணக்குப் போட்டுவிட்டாள். இன்று மதியம் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கரோக்கே அறைக்கு வாராவாரம் சேர்ந்து பாடுகிற எல்லோருக்கும் முன்னால் வந்து, கதவிலிருந்து இரண்டாவது இடத்தில் பையை வைத்து, பைக்கு மேல் கோட்டையும் வைத்து, போதாததற்குத் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

ஜப்பானிய எழுத்து வரிசையில், கதவோரம் தொடங்கி உட்கார்ந்த வரிசைப்படி பாடுவது என்பது தொகாஷியின் ஏற்பாடு. நகராட்சியில் பதிவேட்டுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். உடம்புக்குத்தான் ஓய்வு, அதிகாரத்துக்கு இல்லை. ஆளாளுக்கு வாராவாரம் அதே பாட்டைப் பாடிக் கழுத்தை அறுக்கிறார்கள் என்று, தலைப்பின் முதல் எழுத்து வரிசைப்படிதான் பாட வேண்டும் என விதி போட்டுவிட்டார். ஓர் எழுத்துக்கு ஒரே ஆள், ஒரே பாட்டு. விட்டால் அந்த எழுத்து சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 'மி' இனி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

குராமோச்சி ஞாயிற்றுக்கிழமை ஊரைவிட்டே போகிறார். சப்போரோவில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறாராம்.

ஹிசானோவுக்கு அடுத்த இடத்தில்தான், மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விதி வருவதற்கு முன்பு ஒருநாள், பாட வேறு ஆளில்லாமல் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஜோடிப் பாட்டுப் பாடினார்கள். 'மினாதோ' என்று தொடங்கும் துறைமுகப் பாட்டு. கப்பல் புறப்பட நிற்கிறது. போகாதே என்று அவள் பாடுவாள், போகவில்லை என்று அவன் பாடுவான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அறுபத்தெட்டு வயதில் ஓர் ஆணிடம் போகாதே என்று நேராகச் சொல்ல ஹிசானோவுக்குத் துணிச்சல் கிடையாது. பாட்டென்றால் மானம் போகாது. அவருக்குப் பிடிக்காவிட்டால் கைதட்டிவிட்டு டீயைக் குடிக்கலாம்.

ஆனால் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஊரைவிட்டுப் போகிறவர் பக்கத்தில் இருக்க, அவரைக் கேட்காமல் மைக்கை எடுக்க முடியுமா? கேட்க வேண்டும். அவர் மறுப்பார். மறுபடி கேட்க வேண்டும். மறுப்பார். மூன்றாவது தடவைதான் நிஜப் பேச்சு. அதற்கு முந்தியதெல்லாம் வெறும் கும்பிடு.

"குராமோச்சி சான், நீங்க பாடுங்க. கிளம்பப் போறவங்க நீங்கதானே."

"ஐயையோ, உங்க முறையில நான் பாடறதாவது! நீங்க பாடுங்க."

"எனக்கென்ன, எப்ப வேணா பாடிக்கலாம். நீங்க பாடுங்க."

"அதெல்லாம் சரிப்படாதுங்க."

ஹிசானோ மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா 'மி' வீணால்ல போகும்? விடுங்க, நான் பாடறேன்," என்றார் தொகாஷி. சொன்ன கையோடு குராமோச்சியின் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்துத் தன் பாட்டை அழுத்தியும்விட்டார்.

ரொம்ப நல்லதாப் போச்சு என்று ஹிசானோ சிரித்தாள். குராமோச்சியும் சிரித்து, தலைகுனிந்து நன்றி சொன்னார். தொகாஷியை அந்த நிமிடமே ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டிருப்பாள். அந்த அறையில் ஜன்னல் இல்லை.

நுமாதா அம்மாள் பாடி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தொகாஷி எழுந்து, பெல்ட்டை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

அலையோசை. பிறகு அக்கார்டியன். திரையில் ஒரு துறைமுகம்.

ஹிசானோ போட்ட பாட்டு. முதல் தடவை குராமோச்சியைக் கேட்பதற்கு முன்பே, தானும் நுமாதா அம்மாளும் வைத்திருந்த இன்னொரு ரிமோட்டில் மேஜைக்குக் கீழே அந்தப் பாட்டை அழுத்தி, அடுத்து வரும்படி வரிசையில் சேர்த்துவிட்டிருந்தாள். எப்படியும் தன்னிடம்தான் வரும் என்ற தைரியம். விட்டுக்கொடுப்பதாக நடித்த வேஷம் இப்போது எல்லோர் முன்னாலும் கலையப் போகிறது.

"இது என் பாட்டு இல்லையே. யாரு போட்டது?" என்றார் தொகாஷி.

அவள் வாயைத் திறப்பதற்குள் குராமோச்சி தலையைக் குனிந்தார். "நான்தாங்க. மன்னிக்கணும், கை தவறிப் பட்டுடுச்சு."

காதுவரை சிவந்திருந்தார். தனக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று ஹிசானோவுக்குப் புரிந்தது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனிதர் ஒரு தடவையாவது மரியாதை கெட்டு நடந்துகொள்ளக் கூடாதா?

தொகாஷி அதை நிறுத்தி, வரிசையில் அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானை அழுத்தினார். துறைமுகம் மறைந்தது.

அலையோசை. அக்கார்டியன். திரும்பவும் அதே துறைமுகம்.

ஹிசானோ ஒரு தடவைதான் அழுத்தியிருந்தாள்.

நன்றாக நினைவிருந்தது. ஒரே ஒரு தடவை. அப்படியானால் மூன்றாவது தடவை கேட்டிருந்தால் அவர் சரி என்றிருப்பார்.

குராமோச்சி சற்று நேரம் திரையையே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவரும் ஒரு தடவைதான் அழுத்தியிருக்க வேண்டும்.

ஹிசானோ தலையைக் குனியவில்லை.

பாட ஆளில்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தொகாஷி மைக்கை வைத்துவிட்டு, சுவரில் இருந்த போனை எடுத்துக் கீழே வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"மெஷின் கெட்டுப் போச்சும்மா. இங்க யாருமே கேக்காத பாட்டு திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு."