மூன்றாவது சொட்டு

"அக்கா, டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு. இங்கயும் சொட்டுது."

கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில், கார் வாங்காததால் காலியாகக் கிடந்த இடத்தில், மர முக்காலிகளின் மேல் அந்த அலுமினியப் படகு நின்றது. உள்ளே ஒரு சாண் தண்ணீர். உள்ளே ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் செலவில்லாத சோதனை. அவள் டார்ச்சோடு பக்கத்தில் நிற்க, அவள் தம்பி அடியில் மல்லாந்து படுத்து, சொட்டிய இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, இது படகா, பூவாளியா?"

"போன வாரம் அந்த இடம் காய்ஞ்சுதான்டா இருந்துச்சு," என்றார் அவள் கணவர்.

"போன வாரம் வேற இடம். அதுக்கு முந்தி வேற இடம். ஒண்ணை அடிச்சு மூடினா, அது போய்ப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிட்டு வருது."

"அவர் கையைக் குறை சொல்லாத," என்றாள் அவள். "தகடு பழசு. அவர் என்ன பண்ணுவாரு?"

தம்பியும் கணவரும் பாதிப்பாதி போட்டு வாங்கிய படகு அது. உடைத்து எடைக்குப் போட இருந்தவரிடமிருந்து பேரம் பேசி மீட்டது. குளியலறையின் பழைய கதவு அதற்கு இருக்கைப் பலகை ஆயிற்று. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட் ஒரு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. இன்று சொட்டவில்லை என்றால் நாளை ஏரியில் இறக்குவதாக ஏற்பாடு. தூண்டில்கள் தம்பியின் பைக்கில் தயாராகக் கட்டப்பட்டிருந்தன.

நாளை இறக்கினால் அதன் பிறகு தினமும்தான். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவார்கள். அவளால் கூடப் போக முடியாது. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே அவளுக்குக் குமட்டும்.

அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் போய்விடுவார். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தபோது, பேசுவதற்குக் கரண்ட் பில்லைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் போல, நீங்க சாப்பிடுங்க, நீ சாப்பிடு என்று நாள் போயிற்று.

பிறகு படகு வந்தது. தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். கவிழ்த்த படகின் அடியில் உட்கார்ந்து ஒருவர் கனமான இரும்பை ஆணியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் வெளியிலிருந்து அடிக்க வேண்டும். அவள் பழைய எடைக்கல்லோடு உள்ளே நுழைந்தாள். "பிடிச்சுக்கிட்டியா?" என்று அவர் கேட்பார். "ம்," என்பாள். டொக், டொக்.

முகம் தெரியாதது எவ்வளவு வசதி என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது. ஒருநாள் சுத்தியலை நிறுத்திவிட்டுத் தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொன்னார்: "கல்யாணமான ரெண்டாவது வருஷம் கோச்சுக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போனியே. திரும்பி வரமாட்டேன்னுதான் நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அடுத்த ஆணி துளைக்குள் நுழைந்தது. பிறகு, "பிடிச்சுக்கிட்டியா?"

"ம்."

டொக், டொக். வெளியே வந்ததும் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. டீ குடித்தார்கள்.

"மாமா, உங்க சின்ன உளி இங்க கிடக்கு," அடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "இது எப்படி இங்க வந்துச்சு?"

"நேத்து விழுந்திருக்கும்," என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில்.

தம்பி முதுகெல்லாம் நனைந்து வெளியே வந்தான்.

"இது ஆகறதில்லை மாமா. பழைய இரும்புக் கடைக்காரருக்கு போன் போடவா? போட்ட காசுல கொஞ்சமாவது தேறும்."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. கணவரின் முகத்தைப் பார்க்காமல் டார்ச்சை அணைத்தாள்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்," என்றார் அவர். "உன் பங்கை நான் கொடுத்துடறேன். பென்ஷன் வரட்டும்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? மீன் பிடிக்கத்தானே வாங்கினோம்?"

"ஆமா. சரியானதும் பிடிப்போம்."

"சரியாகி? என் பேரன் பிடிப்பான்." தம்பி சிரித்துவிட்டான். "நான் என் ஃப்ரெண்டு படகுலயே போய்க்கிறேன். நீங்க ரெண்டு பேரும் இதைக் கட்டிக்கிட்டு அழுங்க."

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. தண்ணீரை வடித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படகைக் கவிழ்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பிரிக்காத ரிவெட் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"சோதிக்கறதுக்கு முன்னாடியே வாங்கிட்டீங்களா?"

"கடைப்பக்கம் போனேன். இருக்கட்டுமேன்னு." அவர் சுத்தியலைத் துடைத்தார். துடைக்கும் அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

எடைக்கல்லை எடுத்துக்கொண்டு குனியப் போனவள், தகட்டின் மேலிருந்த சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்தாள். மூன்று இருந்தன. விரல் வைத்து மறுபடி எண்ணினாள். பிறகு உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள்.

"பிடிச்சுக்கிட்டியா?"

"ம்," என்றாள். இருட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேற்று அவர் கடைக்குப் போயிருந்தபோது அந்தச் சின்ன உளியால் அவள் நெம்பித் தளர்த்தியது இரண்டு ஆணிகளைத்தான்.