சாக்பீஸ் கோடு

"பெட்டிய இறக்கி வைங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். இறக்காம என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

மின்சார ஆய்வாளர் புவனேஸ்வரி வாசலில் நின்றே கேட்டார். எதிர் வீட்டு ராஜவேலு முகச்சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு கன்னத்தில் நுரையோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். எலக்ட்ரீஷியன் தினகரனுக்கு நடுத்தெருவில் மானம் போய்க்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருஷத் தொழில். பிள்ளையார்பாளையத்தில் பாதி வீடுகளுக்கு அவன்தான் வயர் இழுத்தவன். அவன் மாட்டிய பெட்டியை இதுவரை எந்த அதிகாரியும் திருப்பியதில்லை. இந்த ஒற்றை அறை வீட்டுக்கு மட்டும் இது மூன்றாவது ஆய்வு. "என்னாபா, பெட்டி இறங்கிச்சா?" என்று டீக்கடையில் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பேசி முடித்திருந்த ஒரு மாடி வீட்டு வேலைகூட நேற்று கை நழுவிப் போயிற்று. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்களாம். இன்றும் திருப்பினால் தொழிலே அவ்வளவுதான்.

"ரூல்ல இருக்கிற உசரத்துலதான் மேடம் வெச்சிருக்கேன்."

"மீட்டர் அங்கயே இருக்கட்டும். மெயின் சுவிட்சுதான் இறங்கணும். வீட்டுல இருக்கிறவங்க கைக்கு எட்டணும்னும் ரூல்ல இருக்குது."

யார் கைக்கு எட்டவில்லையாம்? தினகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் விடிவதற்கு முன்பே போகிறவர். பகலில் அவருடைய அக்கா அம்சவேணி மட்டும்தான் வீட்டில். அடுத்த தெருத் தறிகளுக்குப் பட்டு இழை சுற்றிக் கொடுத்தபடி, ராட்டையின் முன்னால் எந்நேரமும் உட்கார்ந்திருப்பாள். சுவிட்சுகள் எங்கெங்கே வரவேண்டும் என்று திருஞானசம்பந்தமே சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். எல்லாம் தரையிலிருந்து இரண்டடி உயரம். உட்கார்ந்து வேலை செய்கிற வீடு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளே இருந்த கோடுகளுக்குத் தினகரன் கட்டுப்பட்டான்.

ஆனால் மெயின் பெட்டி வாசலில் இருப்பது. நாலு பேர் கண்ணில் படுவது. அதையும் நாய் காலைத் தூக்குகிற உயரத்தில் மாட்டினால் ஊர் சிரிக்காதா? அந்தக் கோட்டை மட்டும் உள்ளங்கையால் அழித்துவிட்டுத் தன் தலை மட்டத்துக்குப் பெட்டியை ஏற்றினான். திருஞானசம்பந்தம் போனில் கேட்டதற்கும், ரூல் இடம் கொடுக்காது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

அன்றே அம்சவேணி, "அவ்ளோ உசரம் எனக்கு எட்டாதேப்பா" என்று மெல்லச் சொன்னாள்.

"ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக்கோக்கா. உடம்பு கொஞ்சம் இளைக்கட்டும்" என்று இவன் சிரித்தான். அவள் இழையின் மேல் குனிந்துகொண்டாள்.

அவள்மேல் அவனுக்கு ஒரு சின்னக் குறையும் உண்டு. நாலு நாள் வேலையில் ஒரு தடவைகூட எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவள் இல்லை. கேட்டால், பானை அங்கே இருக்கிறது, மொண்டு குடித்துக்கொள் என்பாள். ஆனால் அவனும் நெசவுக்கார வீட்டுப் பிள்ளைதான். இழை ஓடிக்கொண்டிருக்கும்போது பால் பொங்கி வழிந்தாலும் அவன் அம்மா எழுந்திருக்க மாட்டாள். அதனால் அதை அவன் பெரிதுபடுத்தவில்லை.

பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. முதல் ஆய்வுக்கு வந்த அன்று புவனேஸ்வரி உள்ளே போய், அம்சவேணியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அரைமணி நேரம் தணிந்த குரலில் பேசினார். வெளியே வந்ததும் பெட்டியை இறக்கச் சொன்னார். தினகரனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆய்வாளரம்மா லஞ்சத்துக்குக் கையை நீட்டியிருக்கிறார், வீட்டில் கொடுக்கவில்லை, கோபத்தைப் பெட்டியின் மேல் காட்டுகிறார். இதை அவன் டீக்கடையிலும் சொன்னான். மேலதிகாரிக்கு ஒரு புகாரும் எழுதிச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தான். அம்சவேணியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவன் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்கா, நீயே எழுந்து வந்து இந்த சுவிட்ச ஒரு தடவை போட்டுக் காட்டு. எட்டுதா எட்டலையான்னு மேடமும் பார்க்கட்டும், தெருவும் பார்க்கட்டும்."

புவனேஸ்வரியின் முகம் மாறியது. "தினகரன், நாலு நாள் இந்த வீட்டுல வேலை செஞ்சிருக்கீங்க. தெரிஞ்சேதான் இப்படிப் பேசுறீங்களா?"

பயந்துவிட்டார் என்று தினகரனுக்குத் தெம்பு வந்தது. "அஞ்சு தப்படிதானேக்கா. இழை அறுந்தா அறுந்துட்டுப் போகுது. என் மானத்த காப்பாத்து, வா."

ராட்டைச் சத்தம் நின்றது.

அம்சவேணி இழையை முடிந்து வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றினாள். புடவைக்குள் சூம்பிக் கிடந்த கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தரையோடு தரையாக நகர்ந்து வாசலுக்கு வந்தாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. தினகரனால்தான் பார்க்க முடியவில்லை.

அவன் உள்ளங்கையால் அழித்த சாக்பீஸ் கோடு இருந்த அதே இடத்தில் அவள் கையை உயர்த்தி வைத்தாள்.

"எனக்கு இதுவரைக்குந்தாம்பா எட்டும்."