மணல் வாளிக்கு என்ன லெவல்?

பஞ்சு குடோன் சுவரில் இரண்டு தீயணைப்பு சிலிண்டர்கள் தொங்கின. அவற்றுக்குக் கீழே, வெற்றிலை எச்சிலும் பீடித் துண்டுகளுமாக ஒரு மணல் வாளி கிடந்தது. மேலே நாள் முழுக்க நடக்கும் ஒரே பேச்சைக் கேட்டுக் கேட்டு அதற்குக் காது புளித்துப் போயிருந்தது.

"பாதுகாப்புப் பரீட்சையில நான் மூணாம் லெவல். நீ ரெண்டுதானே தம்பி?" என்றது பெரிய சிலிண்டர்.

"ரெண்டுன்னாலும் நம்மது ஃபாரின் சர்டிபிகேட் அண்ணே. ஆமா, கீழே கிடக்குதே, அது என்ன லெவல்?"

"எச்சில் துப்புற வாளிக்கு லெவல் வேறயா!"

இரண்டும் சிரித்தன.

அன்று மத்தியானம் யாரோ வாளியைப் பார்த்து வீசிய பீடி, குறி தவறிப் பஞ்சு மூட்டையில் விழுந்து பற்றிக்கொண்டது.

"அண்ணே, தீ!"

"தெரியுது. என் தகுதிக்கு மேற்பார்வை மட்டும்தான். நீ இறங்கு."

"நான் ஆபத்தை மதிப்பிட்டு ரிப்போர்ட் தருவேன் அண்ணே. அணைக்கிறதெல்லாம் முதல் லெவல் வேலை."

வாளி இரண்டையும் அண்ணாந்து பார்த்தது. "நல்லாப் படிச்சீங்கடா!" என்று முனகிவிட்டு உருண்டு போய், தன் மணல் முழுவதையும் தீயின் மேல் கொட்டியது. தீ அடங்கியது.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். சிலிண்டர்களின் சீல் உடையாமல் இருப்பதைத் தடவிப் பார்த்து மெச்சினார். பெரியதற்கு நான்காம் லெவலும் சின்னதற்கு மூன்றாம் லெவலும் எழுதி ஒட்டினார். பிறகு வாளியைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு சீட்டு எழுதினார்:

"மணல் இல்லை. தகுதியற்றது."