வின்னர் பலகை

உதயகுமார் மொட்டைத் தலையோடு கிளப் வாசலில் வந்து நின்றான்.

அவன் அப்பன் நடேசன் முந்தாநாள் இங்கேதான் செத்தான். கேரம் ஃபைனல். எதிரே உட்கார்ந்து ஆடியவன் நான்.

"நைனா, பதினாறாம் நாளுக்கு பேனர் அடிக்கணும். அப்பா பேருக்குக் கீய வின்னர்னு போட்டுக்கவா?"

நான் மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் வின்னரும் ஒன்று. ஆவடியில் கண்டவனெல்லாம் அதைப் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறான். எங்கள் முத்தாபுதுப்பேட்டை கிளப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோற்றவன் எழுந்திருப்பான், வின்னர் உட்கார்ந்திருப்பான். ஃபைனலில் உட்கார்ந்திருப்பவன் பெயர் சுவர்ப் பலகையில் ஏறும்.

இருபது வருஷமாக அதில் நடேசன் பெயர்தான். என் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

"எய்ந்தவன் தோத்தவன்டா. ஒங்கப்பன நாலு பேரு தூக்கினு போனாங்களே, அது எய்ந்தது இல்லாம இன்னா?"

"ரெட்டெல்லாம் எடுத்தாச்சு நைனா. ஒரே ஒரு வெள்ளக் காய்தான் பாக்கி. குழி வாயில நின்னுகினு இருந்துச்சி, அவரு சான்ஸு. எல்லாரும் பாத்தாங்க."

எல்லோரும் பார்த்தார்கள் என்றால் நான் நம்பமாட்டேன். அன்றைக்கு எல்லோரும் நடேசனைத்தான் பார்த்தார்கள்.

"போர்டு அப்டியே கீது. சாவி என் இடுப்புல கீது. வா, பாக்கலாம். காய் இருந்தா ஒங்கப்பன் பேரு. இல்லன்னா என் பேரு."

பூட்டைத் திறந்தேன். பவுடர் வாடை அடித்தது.

குழி வாயில் காய் இல்லை.

"பாத்தியா?" என்றேன்.

அவன் நாலு வலையிலும் கைவிட்டு, விழுந்திருந்த வெள்ளைக் காய்களை எடுத்து போர்டு மேல் அடுக்கினான். எட்டோடு நிற்கும் என்று நான் சும்மா இருந்தேன்.

ஒன்பது.

சாக்பீசை எடுத்து நடேசன் பெயரை நானே எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. உதயகுமார் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பதாவது காயைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். ஓரத்தில் சேறு.

நடேசனைத் தூக்கிய அமளியில் அதை மடியில் போட்டுக்கொண்டு போய், ஏரியில் எறிந்தவன் நான்.