ஐந்தாவது வேலி

முதல் பந்தயம் பாதி ஓடுவதற்குள் மூடுபனி மலையிலிருந்து இறங்கி, குதிரைகளை விழுங்கிவிட்டது.

வர்ணனைக் கூண்டில் நின்ற ஃபெர்கஸ் ரென்னியின் பைனாகுலரில் வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை.

மற்ற வர்ணனையாளர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். ஃபெர்கஸ் மூடியதே கிடையாது. ஒலிபெருக்கி ஓய்ந்தால் கூட்டம் பீர் வாங்கப் போய்விடும் என்பது அவன் சித்தாந்தம். இருபது வருடமாக இந்த ஸ்காட்லாந்து மலையடிவாரத்தில் மழைக்கும் காற்றுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறான்.

இன்றைக்கு மூடவும் முடியாது. பந்தயம் தொடங்கும் நேரத்துக்குத்தான் ஆல்டர்சன் வந்து சேர்ந்திருந்தார். தெற்கே, இங்கிலாந்தின் பெரிய மைதானம் ஒன்றுக்கு ஆள் எடுப்பவர். ஃபெர்கஸின் குரலைக் கேட்பதற்கென்றே வந்திருக்கிறார். பிடித்துப்போனால் வேலை. இல்லையென்றால் ஆயுள் முழுக்க இந்த ஈரக் கூண்டும், ஓடுபாதை ஓரத்து ஆடுகளும்தான்.

"தெற்கத்திக்காரன் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறான். உளறித் தொலைக்காதடா," என்று அடுத்த கூண்டிலிருந்து மொராக் ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். முடிவுக் கோட்டு நடுவர் அவள். இருவருக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர், அதில் ஒரு சின்ன ஜன்னல்.

வர்ணனையாளன் குதிரையைப் பார்ப்பதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்புக் குதிரை எல்லாம் ஒரே பழுப்புதான். ஜாக்கியின் சட்டையைத்தான் பார்ப்பான். குதிரை உரிமையாளர்களுக்கு ஆளுக்கொரு நிறம். அதனால்தான் ஃபெர்கஸ் பந்தய நாள் காலையில் கூண்டிலேயே ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தோடும் மகளின் கலர் பென்சில் டப்பாவோடும் உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையாக வரைந்து தீட்டுவான். கை தீட்டியதை நாக்கு மறக்காது.

சட்டையே தெரியாவிட்டால்? அப்போது குதிரையின் குணத்தைக் கணக்குப் போட வேண்டும். லேடி நெட்டில் வேகக்காரி. ஆனால் சேற்றில் பாதி வழியிலேயே மூச்சைச் செலவழித்துவிடுவாள். சண்டே பாஸ்டர் சோம்பேறி. ஆனால் சேறு அவனுக்குத் தாய்வீடு. இரண்டையும் கூட்டிக் கழித்தால், பனிக்குள் நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஃபெர்கஸ் சொன்னான்.

"இதோ அஞ்சாவது வேலி. நெட்டில் முன்னால, பாஸ்டர் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வர்றான். தாவுறாங்க. அய்யய்யோ, நெட்டில் வேலியில உரசிட்டா, தடுமாறுறா. பாஸ்டரைப் பாருங்க, ஏரியிலேர்ந்து நாரை எழும்புற மாதிரி எழும்புறான்."

ஐந்தாவது வேலி மைதானத்தின் பின்சரிவில் இருக்கிறது. பிர்ச் மர விளார்களைக் கத்தை கத்தையாகக் கட்டி நெஞ்சுயரத்துக்கு நிறுத்தியது. தாண்டியதும் தரை, குதிரை நினைத்ததைவிடக் கொஞ்சம் கீழே போய்விடும். அரைக் கணம் கால் தரையைத் தேடும். அந்த அரைக் கணத்தை வர்ணிப்பதில் ஃபெர்கஸை மிஞ்ச ஆளில்லை.

கம்பி ஓரத்தில் ஒருத்தி ஆட்டிறைச்சி பப்ஸைக் கடித்த வாயோடு அப்படியே நின்றுவிட்டாள்.

முடிவுக் கோட்டருகே பனி குதிரைகளைத் துப்பியது. முதலில் சண்டே பாஸ்டர். பின்னால், தள்ளாடியபடி லேடி நெட்டில். சொன்னது சொன்னபடி. கூட்டம் குதிரைக்குக் கொஞ்சமும் ஃபெர்கஸுக்கு மீதியுமாகக் கைதட்டியது.

பல்லைத் தவிர மற்றெல்லாம் சேறாகத் திரும்பிய பாஸ்டரின் ஜாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கூண்டை அண்ணாந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். ஃபெர்கஸ் பெருந்தன்மையோடு கையசைத்தான்.

ஆல்டர்சன் மூச்சு வாங்க ஏணியில் ஏறி வந்தார்.

"மிஸ்டர் ரென்னி, அந்த அஞ்சாவது வேலி ஒண்ணே போதும். பனி ஒரு நொடி விலகிச்சு, என் பைனாகுலர்லயே பார்த்தேன். நீங்க சொன்ன அதே நாரை. வசந்த காலத்துக்கு எங்ககிட்ட வந்துடுங்க."

கையைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

ஃபெர்கஸ் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினான். பலகைச் சுவரின் ஜன்னல் திறந்தது.

"ஏண்டா, அஞ்சாவது வேலிகிட்ட தண்ணி தேங்கிடுச்சுன்னு காலையிலயே அடைச்சுட்டாங்களே. குதிரையெல்லாம் பக்கத்துல சுத்திக்கிட்டுல்ல போச்சு," என்றாள் மொராக். "காலையில மைதானக் கேட்டைத் திறந்தப்ப அதை மைக்குல சொன்னது யாரு, என் தாத்தாவா?"

ஃபெர்கஸ் கோப்பையைக் கீழே வைத்தான். கஞ்சிக்கும் கலர் பென்சிலுக்கும் நடுவே மைக்குக்கு எழுந்து போய், மிகத் தெளிவான உச்சரிப்பில் அறிவித்தது அவன்தான்.

வேலி ஒன்றை அடைத்துவிட்டால், தாமதமாக வருபவர்களுக்காக அடுத்தடுத்த பந்தயத்துக்கு முன்னும் அதை மறுபடி சொல்லியாக வேண்டும். அதுதான் விதி. இரண்டாவது பந்தயத்துக் குதிரைகள் ஏற்கெனவே வெளியே வந்துகொண்டிருந்தன.

கீழே ஆல்டர்சன் புதிய முதலாளியின் புன்னகையோடு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார்.

ஃபெர்கஸ் மைக்கின் பொத்தானை அழுத்தினான்.

இருபது வருடத்தில் முதல்முறையாக, மைதானம் முழுக்க அவன் மூச்சு மட்டும் கேட்டது.